நான் பார்க்காத முடிச்சு

என் அருமை வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. சமையலறைக் குழாயை நானே சரிசெய்துவிட்டேன், அதனால் அதைச் சாக்காகச் சொல்லி நீங்கள் லீவு கேட்க முடியாது. தையல் ஆலையில் என்னைச் சோதனை மேசைக்குப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். ஒரு பட்டன் ஆடினாலும் தைத்தவரை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

நீங்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நாம் பாறை ஏறப் போனோமே, அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடாரத்தை நாலு தடவை அடித்தோம், நாலு தடவையும் சரிந்தது. நீங்கள் போட்ட டீ வாயில் வைக்க முடியாமல் இருந்தது. ஆனாலும் இரண்டு கப் குடித்தேன். பாசம் படுத்தும் பாடு!

பாதிப் பாறையில் உங்களை இறங்க வைத்த பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் என்னைக் கேலி செய்கிறீர்கள். போன கடிதத்தில்கூட அதுதான். மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

அன்று காலை நீங்கள் இடுப்புப் பெல்ட்டில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, "கூடாரம் பறக்குது, ஓடி வாங்க!" என்று கூப்பிட்டது நான்தான். முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். திரும்பிப் போய் அப்படியே ஏற ஆரம்பித்தீர்கள். ஏறுகிறவர் முடிச்சைக் கீழே நின்று கயிறு பிடிப்பவர் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். நான் பார்க்கவில்லை. கூடாரத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாடி உயரம் போனதும் காற்றில் உங்கள் சட்டை தூக்கியது. கயிறு முடிச்சே இல்லாமல் பெல்ட்டுக்குள் சும்மா நுழைந்திருந்தது, அவ்வளவுதான். நீங்கள் கையை விட்டிருந்தால் என் கையில் வெறும் கயிறுதான் மிஞ்சியிருக்கும். உண்மையைச் சொன்னால் உங்கள் கை நடுங்கும். அதனால்தான், "எனக்குப் பயமா இருக்கு, கயித்துல தொங்காதீங்க, என்னால பிடிக்க முடியாது, பாறையப் பிடிச்சே எறங்குங்க" என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினீர்கள். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இறங்கியதும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். தலையைத் தடவிக் கொடுத்தீர்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் நீங்கள் கவனிக்காதபடி கயிற்றை உருவிவிட்டேன். இன்னும் சில நாளில் நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், சந்தோஷமாகப் போகட்டும் என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. என் தப்பைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டாளியோடு பெரிய பாறை ஏறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாறையைக் கண்டால் உங்கள் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஏறுவதற்கு முன் சட்டையைத் தூக்கி அவரிடம் முடிச்சைக் காட்டுங்கள். அவர் சிரித்தால் இந்தக் கடிதத்தையும் காட்டுங்கள், எனக்கு மானக்கேடு ஒன்றும் இல்லை.

என் மேல் கோபம் வரும். வரட்டும். ஏறி இறங்கிவிட்டு, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதுங்கள். ஒரு வரி விடாமல் படிப்பேன்.

என்றும் உங்கள்,
மனைவி