குப்பைமேட்டில் புல் முளைத்தது

3 மார்ச் 2023
குப்பைமேட்டை மூடும் வேலை இன்று தொடங்கியது. பொறுப்புப் பொறியாளர் நான். பழைய ரப்பர் தோட்ட நிலம்; தோட்டம் போன பிறகு ஈப்போ நகரத்துக் குப்பையெல்லாம் இங்கேதான் வந்தது. இந்த மேட்டின் பின்னாலேயே வளர்ந்தவள் நான். பள்ளியில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சீருடையில் நாற்றம்.

இனி ஒரு பாதி பூங்கா, ஒரு பாதி வணிக வளாகம். வேலியோர வீட்டு விமலா அக்கா நம்பவில்லை. "பணக்காரனுக்கு ஆபீஸ் கட்டுறீங்க. எங்களுக்கு என்னலா?"

"உங்க வீட்டு முன்னாடி பூங்கா வருதுக்கா."

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

19 ஜூன்
குப்பையின்மேல் களிமண், அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நல்ல மண். வெயிலில் எல்லோரும் கருவாடு.

14 நவம்பர்
சாலையோர மூலையில், குப்பை அழுகிக் கிளம்பும் மீத்தேன் வாயு குறையவே இல்லை. குழாய்கள் போட்டும் அப்படியே. வணிக வளாகக் கட்டடம் வரவேண்டிய இடம் அது! தரைக்கடியில் வாயு தங்கினால் ஒரு தீப்பொறி போதும். கட்டக்கூடாது என்று மேலாளர் அருண்பிரகாஷிடம் சொன்னேன்.

"அப்ப கட்டடத்தை வீட்டுப் பக்கம் தள்ளிக்கலாம். அங்க குப்பையே கொட்டலை, மண்ணு சுத்தம்."

"அது பூங்கா சார். அந்த மக்கள்கிட்ட சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

உண்மையிலேயே, யாரைக் கேட்டுச் சொன்னேன்?

15 நவம்பர்
வேலையை விட்டுவிடலாமா? விட்டால் அக்கா வாசலில் சுவர்தான் எழும்பும். போகமாட்டேன். என்ன ஆனாலும் போகமாட்டேன்லா.

22 நவம்பர்
கட்டட வரைபடக்காரர் தீபனோடு உட்கார்ந்து திருப்பித் திருப்பி வரைந்தோம். திட்டத்திலிருந்த இரண்டு மாடியை நாலாக உயர்த்தினால் சுத்தமான நிலத்தில் பாதியே போதும். மீதிப் பாதி, வீடுகளை ஒட்டி, பூங்காவாகவே இருக்கும். வாயு வரும் மூலையில் குழாய்களும் புல்வெளியும் மட்டும்.

அருண்பிரகாஷ் வரைபடத்தைப் பார்த்தார். "செலவு கூடும்."

"கூடும் சார். ஆனா வெடிக்காது."

முறைத்தார். பிறகு, "முதலாளிகிட்ட நீங்களே பேசுங்க" என்றார்.

29 நவம்பர்
பேசினேன். வரைபடத்தை விரித்து, வாயு வரும் மூலையை முதலில் காட்டினேன். நாலு மாடி! முதலாளி ஒத்துக்கொண்டார்!

16 நவம்பர் 2025
பூங்கா திறந்து முதல் ஞாயிறு. வளாகத்து அலுவலகங்களுக்கு விடுமுறை; புல்வெளியில்தான் கால் வைக்க இடமில்லை. தைப்பிங் ஊரிலிருந்து வந்த ஓர் இளம்பெண், புல்லில் உருளும் மகனைப் பார்த்தபடி கேட்டாள்: "முன்னாடி இங்க என்னக்கா இருந்துச்சு?"

"குப்பைமேடு."

"சும்மா கதை விடாதீங்கலா!"

நான் வாதாடவில்லை. பக்கத்தில் நின்ற விமலா அக்காதான் விடவில்லை. "மெய்தாம்மா. இந்தா நிக்கிறாளே, எங்க வீட்டுப் புள்ள ஷர்மினி, இவதான் மாத்துனா."

எனக்குத் தலை நிமிரவில்லை. குனிந்து புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன், சிரிப்பை அடக்க முடியாமல்.