மீட்டர் உடையப்பன்

12 பிப்ரவரி 1981, வியாழன்

காலையிலிருந்து மழை. மூன்று பேர் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். டயரை உதைத்தால் வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்பது, ஈப்போவில் பழைய கார் விற்கும் இந்தப் பதினான்கு வருஷத்தில் எனக்கு விளங்கவில்லை.

மாலையில் செபாஸ்டியன் கிராணி வந்தார். பீடோர் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியாக இருந்தவர். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், வரவில்லை என்று என் அப்பா பெயருக்கு நேரே கோடு போட்ட கை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு அவரும் ஈப்போவுக்கு வந்துவிட்டார். மகள் ஜோனுக்குத் தைப்பிங்கில் சம்பந்தம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கார் கொடுக்க வேண்டுமாம்.

மஞ்சள் டாட்சன் 120Y-ஐக் காட்டினேன். மாயாண்டி 75-ல் புதிதாக எடுத்து, பெர்மிட் இல்லாத டாக்சியாகப் பீடோருக்கும் ஈப்போவுக்கும் ஓட்டிய வண்டி. வேன் வாங்கியதால் என்னிடம் விற்றான். மீட்டர் 12,304 மைல் காட்டுகிறது. அது ஐந்து இலக்க மீட்டர். லட்சம் தொட்டால் சுழியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

சொன்னேன்: "கிராணியாரே, இது ஒரு சுத்து சுத்தி வந்த மீட்டர். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, அது வேற விஷயம்."

"தெரியும்லா உடையப்பா. பாத்தா புதுசு மாதிரி இருக்கு, அது போதும்."

நான் யோக்கியன் என்று எழுத வரவில்லை. 76 வரைக்கும் நானும் மீட்டரைப் பின்னால் திருப்பியவன்தான். இந்த ஊரில் திருப்பாதவன் யார்? நிறுத்தியது பாவத்துக்குப் பயந்து அல்ல. ஏமாந்தவன் ஒருமுறைதான் வருவான். ஏமாறாதவன் மச்சானையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவான். கணக்கு அவ்வளவுதான்.

28 பிப்ரவரி

ஜோன் கல்யாணம். மாதா கோயில் வாசலில் மஞ்சள் வண்டி, ரிப்பன் கட்டி நின்றது. நானே காலையில் மெழுகு போட்டு அனுப்பினேன்.

விருந்தில் செபாஸ்டியன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "மாப்பிள்ளைக்கு அதிகம் ஓடாத வண்டி. பன்னிரண்டாயிரம் மைல்தான்." கை தட்டினார்கள். நான் பாதி எழுந்துவிட்டேன். என் மனைவி மங்களம் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பந்தியில உக்காந்து பஞ்சாயத்து வைப்பீங்களா? சாப்பிடுங்க பேசாம."

சாப்பிட்டேன்.

25 ஏப்ரல், சனி

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

ஜோனின் மாமனார் பெர்னார்ட் தைப்பிங்கிலிருந்து வந்தார். கவர்மெண்ட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் பழைய மோரிஸ் மைனர்தான் ஓட்டுகிறார். ஈஸ்டருக்கு டாட்சனைக் கழுவும்போது கதவிடுக்கில் எண்ணெய் மாற்றிய அட்டை ஒட்டியிருந்ததைக் கண்டாராம். மே 1980, 98,200 மைல். அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது என் மேசையில் வீசினார்.

"மீட்டரைத் திருப்பிப் பொழைக்கிறது ஒரு பொழைப்பா? ஜப்பான்காரன் வண்டியே மைலோ டின்னுத் தகடு, அதுலயும் திருட்டா?"

"சார், அது திருப்பினது இல்ல, சுத்தி வந்தது. உங்க சம்பந்திகிட்ட கேளுங்க. அவருக்குத் தெரியும்."

"கேட்டேன்யா! நீ ஏமாத்திட்டேன்னு அவர்தான் சொன்னார்!"

நானா? நான் ஏமாற்றினேனா? எத்தனை வண்டிக்கு மீட்டர் திருப்பினேன், ஒருவன் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லி விற்ற வண்டிக்கு என்னைத் திருடன் என்கிறான்! என் கடையில்! என் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு!

26 ஏப்ரல்

செபாஸ்டியன் வீட்டுக்குப் போனேன். உட்கார் என்று சொல்லவில்லை. தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் நிற்கிற மாதிரி நின்றேன்.

"கொஞ்சம் பொறுத்துக்க உடையப்பா. கார் வியாபாரின்னா நாலு பேர் நாலு சொல்லத்தான் செய்வாங்க. உனக்கு என்ன புதுசா? பொண்ணு போய் ரெண்டு மாசம் ஆகல. அப்பன் பொய் சொன்னான்னு தெரிஞ்சா அந்த வீட்டுல அவளை வெச்சுப் பாப்பாங்களா?"

"அதுக்கு நான் திருடனா?"

"சத்தம் போடாதே. ஆஸ்தியா போச்சு?"

என் அப்பாவுக்குக் கோடு போட்ட அதே கை, எனக்கும் போட்டுவிட்டது.

9 மே

காப்பிக் கடையில் புதுப் பெயர்: மீட்டர் உடையப்பன். பக்கத்துக் கடை ஆ சோங் "மீட்டர் தவுக்கே, முதலாளி, எங்க நரைச்ச தலைமுடியையும் கொஞ்சம் பின்னால திருப்பிக் குடுங்க" என்கிறான். எல்லோருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மங்களத்திடம் எரிந்து விழுந்தேன்.

23 மே

சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு வாத்தியார் கொரோலா பார்க்க வந்தார். பிடித்துப்போய்விட்டது. மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்றார். வரமாட்டார்.

6 ஜூன்

மாயாண்டி வந்தான். எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான்.

"அண்ணே, என் வண்டியை வெச்சு உங்களைத் திருடன்றானா? நான் வந்து சொல்றேன். ஆறு வருஷம் ஓட்டினேன். பீடோர் சந்தை பூரா அதுல ஏறி இறங்கியிருக்கு. கொய்யாப்பழக் கூடை, கோழி, பிரசவக்காரி, எல்லாம். ஒருத்தி பின் சீட்டுலயே புள்ள பெத்தா, தெரியுமா?"

"அதை மட்டும் தைப்பிங்குல சொல்லாதே."

அடுத்த ஞாயிறு போகிறோம். எல்லோர் முன்னாலும் உண்மையை உடைக்கப்போகிறேன். செபாஸ்டியன் கெட்டால் கெடட்டும்.

14 ஜூன், ஞாயிறு

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. பெர்னார்ட் வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜோன் உள்ளேயிருந்து வந்தாள். கையெல்லாம் மாவு.

"அங்கிள், எங்க அப்பா வாழ்க்கையில பொய் சொன்னதில்ல. இந்த வீட்டுல எல்லாரும் அவரைத் தப்பாப் பேசினாங்க. நான்தான் சண்டை போட்டு நம்ப வெச்சேன். நீங்க செஞ்சதை ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்க. ஒத்துக்குங்களேன்."

அவள் மாமியார் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மாயாண்டி "தங்கச்சி, விஷயம் என்னான்னா..." என்று ஆரம்பித்தான். அவன் காலை மிதித்தேன்.

ஒத்துக்கொள்ளவும் முடியாது. செய்யாததை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? சொல்லவும் முடியாது. அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் இருக்கிற ஒரே பலம் அப்பன் பேச்சு.

வாயில் வந்தது வியாபாரிப் பேச்சுதான்: "பெர்னார்ட் சார், மீட்டர் என்ன சொல்லுதுன்னு விடுங்க. வண்டி என்ன சொல்லுதுன்னு பாருங்க. இன்னைலேர்ந்து மூணு வருஷம். அதுக்குள்ள எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தா, என் கடையில உள்ள எந்த வண்டி வேணுமோ ஓட்டிட்டுப் போங்க. வரலேன்னா, நீங்க என் கடைக்கு வந்து, கத்தின அதே இடத்துல நின்னு, நல்ல வண்டின்னு சொல்லணும்."

"மைலோ டின்னுக்கு மூணு வருஷமா!" என்று சிரித்தார். எழுதிக் கேட்டார். எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில், ஈப்போ நெருங்கும்போது மாயாண்டி சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "கால் வீங்கிருச்சுண்ணே."

15 ஜூன்

மங்களம்: "ஒரு லட்சம் மைலுக்கு மேல ஓடின வண்டிக்கு மூணு வருஷம் எழுதிக் குடுத்தீங்களா? ஜப்பான்காரனே குடுக்கமாட்டானே!"

குடுக்கமாட்டான்தான்.

2 ஆகஸ்ட்

இந்த வண்டி மேல் எனக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை? சண்டைக் காலத்தில் என் சித்தப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போனான். திரும்பவில்லை. 67-ல் நான் முதல் டாட்சனை வாங்கிக் கடையில் நிறுத்தியபோது என் அப்பா மூன்று மாதம் கடைப் பக்கம் வரவில்லை. நானும் வெறுப்போடுதான் விற்றேன். ஆஸ்டின் வாங்கினவன் மாதம் ஒருமுறை பட்டறையில் நின்றான். டாட்சன் வாங்கினவன் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். தகடு மெலிசு, மழைக்குத் துருப் பிடிக்கும், உண்மை. எஞ்சின் சாகாது, அதுவும் உண்மை. வெறுப்பு இருந்தது, இருக்கிறது. அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

17 அக்டோபர்

ஏஜெண்ட் கடை விற்பனையாள் சொன்னான்: டாட்சன் என்ற பெயரையே எடுக்கப்போகிறார்களாம். இனி உலகம் முழுக்க கம்பெனிப் பெயர் நிசான் மட்டும்தானாம். சில வருஷத்தில் பழைய பெயர் இருக்காது.

பைத்தியமா இவர்களுக்கு? ஆரம்பத்தில் மூன்று பேர் முதல் போட்டார்களாம். அந்த மூன்று பேர் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து 'டாட்'. பிறகு வந்த சின்ன வண்டிக்கு இங்கிலீஷில் 'டாட்டின் மகன்', டாட்-சன், என்று பெயர் வைத்தார்கள். மகனைக் குறிக்கும் அந்த 'சன்' ஜப்பான் மொழியில் நஷ்டம் என்று கேட்கும் என்பதால் ஒரு எழுத்தை மாற்றிச் சூரியனைக் குறிக்கும் 'சன்' ஆக்கினார்கள். நல்ல வியாபாரப் புத்தி என்று நான் மெச்சிய கதை இது. ஐம்பது வருஷப் பெயர்! தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட "டச்சன் வண்டி வந்துருச்சா" என்று கேட்பாள். இருக்கிற நல்ல பெயரை அவன் தூக்கிப் போடுகிறான். போன பெயருக்கு நான் இங்கே அல்லாடுகிறேன்.

4 ஏப்ரல் 1982

மாயாண்டி வாரம் ஒருமுறை தைப்பிங் போகிறான். சந்தையில் மஞ்சள் வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து பார்க்கிறானாம்.

"தங்கச்சி எண்ணெயே பாக்குறது இல்லண்ணே. அளவுக் கட்டையில ஒட்டவே இல்ல. நான்தான் ஒரு டின் ஊத்திட்டு வந்தேன்."

"கண்டாங்கன்னா திருடன்னு அடிப்பாங்கடா!"

"திருடன் எடுத்துட்டுத்தான் போவான், ஊத்திட்டா போவான்?"

11 செப்டம்பர் 1982

மார்க்கெட்டில் செபாஸ்டியன். என்னைக் கண்டு கருவாட்டுக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கருவாட்டைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றார். நானும் போகாமல் நின்றேன்.

30 ஜனவரி 1983

வியாபாரம் மெதுவாகத்தான் திரும்பி வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது மீட்டரை.

19 மே 1984, சனி

நிதானமாக எழுத வேண்டும். நிதானம் வரவில்லை.

பதினோரு மணிக்கு மஞ்சள் டாட்சன் கடைக்குள் வந்தது. பெர்னார்ட் ஓட்டிக்கொண்டு வந்தார். கெடுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். தையல் மிஷின் மாதிரி. சக்கரத்துக்கு மேலே மட்டும் துரு.

முதல்முறையாக என்னை "மிஸ்டர் உடையப்பன்" என்றார். காப்பி வரவழைத்தேன். நல்ல வண்டி என்ற அந்த வாக்கியத்துக்காக மூன்று வருஷம் காத்திருந்தவன், சட்டையைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வண்டிக்கு என்ன, தங்கம். மோரிஸை வித்துட்டேன். மருமக இதை யாருக்கும் தரமாட்டேங்குது, இன்னைக்குக் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்." காப்பியை ஆற்றிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொல்லி முடித்தார். பேசியபடி நின்று அல்ல, உட்கார்ந்துகொண்டேதான்.

பிறகுதான் வந்த காரியம். இளைய மகள் கெர்ட்ரூடுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கிள்ளான். ஒரு கார் வேண்டும். வெள்ளை சன்னியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் டாட்சன் என்றும் பின்னால் நிசான் என்றும் ஒட்டியிருக்கிற ரகம். மீட்டர் 61,000. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் குறைச்சு வெச்சுக் குடுங்கலா. ஒரு இருபதாயிரம்னு இருக்கட்டும். கிள்ளான்காரங்க பெரிய இடம். உங்களுக்கு இது தெரிஞ்ச வேலைதானே, அதான் நேரா இங்க வந்தேன்."

காப்பியைக் கீழே வைத்தேன். "சார், அந்த மஞ்சள் வண்டிக்கு நான் மீட்டர் திருப்பல. உங்க சம்பந்திக்குத் தெரியும்னு அன்னைக்கே சொன்னேன்."

"அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்லா," என்றார், சர்வசாதாரணமாக. "அவர் மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. பொண்ணு குடுத்தவரை எப்படிக் கத்துறது? சும்மா இருந்தா நமக்கும் மரியாதை இல்ல. யாரையாவது கத்தணும். உங்களைத்தானே கத்த முடியும்."

மூன்று வருஷம்! அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இரண்டு சம்பந்திகளும் மானத்தோடு இருக்க, நடுவில் நான் மீட்டர் உடையப்பன். எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. காப்பியைக் குடித்து முடித்தேன். பிறகு வெள்ளைச் சாயத்தையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போய், சன்னியின் முன் கண்ணாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக எழுதினேன்: 61,000 மைல்.

"வேணும்னா இப்படியே எடுத்துக்குங்க சார். நல்ல வண்டி."

விரலால் சாயத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆ சோங் அவன் கடை வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தான். கடைசியில் எடுத்துக்கொண்டார், மஞ்சள் வண்டியைத் தங்கம் என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு வேறு எங்கே போவார்?

மஞ்சள் வண்டியை மறுநாள் எடுப்பதாகச் சொல்லிச் சன்னியில் புறப்படும்போது, சாயத்தைத் துடைக்க ஒரு துணி கேட்டார்.

கடையில் துணி இல்லை என்றேன்.