பத்துக்கு எத்தனை?

என் வாலுப் பேத்திக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பா அம்மாவும் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனைக் காதில் வைத்தால் என் வாய் தானாக "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிடுகிறது. காகிதத்தில் பொய் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

விஷயம் இதுதான். எனக்கு வலது பக்கச் சிறுநீரகத்தில் கல். கொண்டைக்கடலை அளவு. கத்தி வைக்காமல், வெளியே இருந்தே அதிர்வு கொடுத்து உடைக்க ஒரு மிஷின் இருக்கிறது. இரண்டு தடவை பார்ப்போம், உடையாவிட்டால் முதுகில் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். இந்த வயதில் எனக்கு முழு மயக்கம் கொடுக்க அவருக்கு யோசனை. எனக்கு அதைவிட யோசனை.

முதல் தடவை போன மாதம். வலிக்கு ஊசி போட்டார்கள், தூங்க வைக்கவில்லை. படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே பசை தடவி, தண்ணீர்ப் பை மாதிரி ஒன்றை அழுத்தி வைத்தார்கள். டொக், டொக் என்று சத்தம். ஒவ்வொரு டொக்குக்கும் ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் விட்டது போல ஓர் அடி. போகப் போக அந்த அடி உள்ளே இறங்கி விலா எலும்பில் விழுந்தது. மொத்தம் மூவாயிரம் அடி கணக்கு.

மிஷின் பார்க்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். "பாட்டி, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள். நான் மார்க் என்று எடுத்துக்கொண்டேன். கணக்கில் நான் எட்டுக்குக் கீழே வாங்கியதில்லை. வலிக்குப் போய் நல்ல மார்க் போடுவானேன் என்று "ரெண்டு" என்றேன். அவள் அதை நம்பி வேகத்தைக் கூட்டினாள். மறுபடி கேட்டாள். மறுபடி ரெண்டு.

அவள் கேட்டது என்ன என்பது அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம், அந்தப் பக்கம் உன் அம்மா. நாலு பிள்ளை பெற்றபோதே சத்தம் போடாதவள் நான் என்று அவளிடம் எத்தனை தடவை அளந்திருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் எட்டு என்பேனா?

பாதியில் உடம்பு தானாகத் துள்ளிவிட்டது. கல் குறியிலிருந்து விலகிப்போயிற்று. நிறுத்திவிட்டார்கள். டாக்டர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்க வாய் ரெண்டுங்குது, நாடி ஒம்போதுங்குது. நான் யாரை நம்பட்டும்?" என்றார். பாதிக் கல் உடையாமல் நின்றது. இரண்டு வாய்ப்பில் ஒன்று வீண்.

உன் அம்மா என்னைக் கைபிடித்து வண்டியில் ஏற்றினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அத்தை, நீங்க மறைச்சா அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத்தான் எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குக் கோபம். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தேடிப் பார்த்தும் அவள் சொன்னதில் ஒரு தப்பும் அகப்படவில்லை.

இரண்டாம் தடவை போன செவ்வாய். "இன்னைக்குக் கணக்கு சரியா வரணும் பாட்டி" என்று மெதுவாக ஆரம்பித்தாள் மிஷின் பெண். கேட்டாள், நாலு என்றேன். கூட்டிவிட்டுக் கேட்டாள். கதவைப் பார்த்தேன், உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "ஏழு" என்றேன். மிஷின் நின்றது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகிவிடவில்லை. கையில் குத்தியிருந்த குழாயில் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றி, வலி மூன்றுக்கு வரும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்கினாள். மூச்சைச் சின்னதாக, ஒரே சீராக விடச் சொன்னாள். மூவாயிரமும் முடியும்வரை அசையாமல் கிடந்தேன்.

கல் இப்போது சிறுநீரோடு மணலாக வந்துகொண்டிருக்கிறது. அதை வடித்துப் பிடித்து வைத்து டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். உன் அம்மா டீ வடிகட்டியை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். "இது இனிமே அடுப்படிப் பக்கம் வந்துச்சுன்னா நான் பத்துக்குப் பத்து போட்டுருவேன் அத்தை" என்கிறாள். சிரித்தால் விலா வலிக்கிறது. ரெண்டு. நிஜ ரெண்டு.

இனி உன் விஷயம். நீ தனியாக அவ்வளவு தூரம் போய்ப் பெரிய வேலை பார்க்கிறாய் என்று இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. உன் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் நிற்கிறேனோ என்னவோ. நாலு ஞாயிற்றுக்கிழமையாக, நான் கேட்பதற்கு முன்பே "நல்லா இருக்கேன் பாட்டி" என்கிறாய். ரெண்டு என்று சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காரணம் எழுத வேண்டாம். ஒரே ஒரு எண்ணை எழுதித் தபாலில் போடு. அது ஒன்பதாக இருந்தாலும் உன்மேல் எனக்குள்ள பெருமையில் அரை மார்க் குறையாது. மிஷினை நிறுத்த இங்கே மூன்று பேர் இருக்கிறோம்.

தண்ணீர் நிறையக் குடி. நீ நல்லா இருக்கணும். இல்லேன்னா சொல்லணும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பாட்டி