கிணற்றடி வரைக்கும் ஒரு கயிறு

மேட்டுத்தோட்டம், ராசிபுரம் பக்கம்
1944-ஆம் வருஷம், மாசி மாதம் 12-ஆம் தேதி

சிரஞ்சீவி தம்பி சின்னுசாமிக்கு, நீண்ட ஆயுசு வேண்டி அண்ணன் சென்னிமலை எழுதிக்கொண்டது.

பட்டாளத்திலிருந்து நீ போட்ட கடுதாசி வெள்ளிக்கிழமை வந்தது. எந்த ஊரில் இருக்கிறாய் என்று எழுதக் கூடாதாமே, நடுவில் மையைத் தடவி அழித்திருக்கிறார்கள். அழிக்காமல் விட்டது நீ எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான். அய்யன் தன்னால் கிணற்றடிக்குப் போய் வருகிறாரா என்று. ஆறு மாதமாக நான் ‘போய் வருகிறார்’ என்றே எழுதினேன். அது பொய், தம்பி. இன்றைக்கு அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் மற்ற சங்கதிகளை எழுதிவிடுகிறேன், கை கொஞ்சம் தைரியப்படட்டும்.

என் மகள் காளியாத்தாள் கல்யாணம் தை மாதம் குறைவில்லாமல் நடந்தது. சித்தப்பா இல்லையே என்று பந்தலிலேயே அழுது உன் அண்ணியிடம் திட்டு வாங்கினாள். சோளம் அறுத்துப் போர் போட்டாயிற்று. மண்ணெண்ணெய்க்குத்தான் கடை வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியிருக்கிறது. சீக்காய்க் கிடந்த மயிலைக்காளை தேறிவிட்டது, முன்போலவே முரண்டு பிடிக்கிறது.

இனித் தள்ளிப்போட முடியாது. அய்யனுக்கு இடது பக்கம் வாதம் அடித்துப் படுத்தபோது, இனிமேல் கட்டிலோடுதான் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டுப் போனார். நீதான் கேட்கவில்லை. மேட்டூர் அணை வேலையில் ஆட்கள் உயரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நடப்பார்கள் என்று சொல்லி, புளிச்சை நாரில் கயிறு திரித்து, கட்டில் தலைமாட்டிலிருந்து கிணற்றடி வரைக்கும் கம்பம் நட்டு இடுப்பு உயரத்தில் கட்டினாய். நாலு முடிச்சும் போட்டாய். வாசற்படிக்கு ஒன்று, மாடு கட்டும் கட்டுத்தரைக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, துவைகல்லுக்கு ஒன்று. கண் மங்கினாலும் கைக்குத் தெரியும் என்றாய். ஒரு மாதம் விழுந்து விழுந்து எழுந்தார். நான் பதறிக்கொண்டு ஓடினால், ‘தொடாதே சாமி, நானே வாரேன்’ என்று விரட்டுவார். நீ ரயிலேறிய அன்று நாலாவது முடிச்சுக்குப் போய், தானே சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். நீ அழுதாய். நான் உன்னைக் கேலி செய்தேன்.

ஆவணியில் காளியாத்தாளைப் பெண் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். முந்தின நாள் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏதோ சாக்கில் தோட்டத்துப் பக்கம் வந்து, அய்யன் கயிறு பிடித்து நடப்பதைப் பார்த்துவிட்டார். ‘ஏனுங்க, பெத்தவரைக் கையப் புடிச்சுக் கூட்டிப்போக ஊட்டுல ஆளில்லீங்களா? மாடாட்டம் கயித்துல நடக்க உட்டிருக்கீங்க’ என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அட்டாலிப் பரணில் போட்டேன். இரண்டு நாளைக்குத்தான், சம்பந்தம் முடிவானதும் கட்டிவிடுகிறேன் என்று அய்யனிடம் சொன்னேன். பேத்தி காரியமாயிற்றே, அவரும் தலையாட்டினார்.

கட்டவில்லை. சம்பந்தி வீட்டார் நினைத்தால் வந்து நிற்கிறார்கள், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். நானே அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினேன். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். அப்பனை இப்படித் தாங்குகிற மகன் உண்டா என்று ஊரே மெச்சியது. கேட்கக் கேட்க எனக்குத் தலை கனத்துப்போனது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கல்யாணத்தன்று இரண்டு கையிலும் ஏந்தி அவரைப் பந்தலுக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அண்ணி பார்த்திருக்கிறாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாராம்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கயிற்றை எடுத்துக் கட்டி, அவரைத் தூக்கி நிறுத்தினேன். கை பிடித்தது, கால் ஊன்றவில்லை. முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டது. எண்ணெய் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள், ‘போதும் சாமி, உனக்கெதுக்குச் சிரமம்’ என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். நாக்கு வறண்டாலும் கேட்பதில்லை. குடித்தால் வெளியே போகவேண்டும், அதற்கு என்னையோ மருமகளையோ கூப்பிட வேண்டும். உன் அண்ணி இதைக் கண்டு சொன்ன அன்று நான் கட்டுத்தரையில் போய் நின்று அழுதேன்.

கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார். விடிந்ததும் நல்ல கையால் அதைத் தடவிக்கொண்டே போகிறார். முதல் முடிச்சில் செருப்பு எங்கே என்கிறார். இரண்டாவதில் மயிலையை அதட்டுகிறார். நாலாவதில் நின்று மூச்சு வாங்குகிறார். புத்தி கலங்கிவிட்டதோ என்று பயந்து கிட்டே போய்க் கேட்டேன். ‘எல்லாம் தெரியுது சாமி. கை மறந்துறக் கூடாதில்ல. அவன் வந்து கட்டுனா நடக்கோணுமே’ என்றார்.

ஆகையால் உன் மேலதிகாரி காலில் விழுந்தாவது பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு வா. நான் கட்டியதற்கு எழாத கால், நீ கட்டினால் எழுமோ என்னவோ. எழாது என்றுதான் வைத்தியர் சொல்கிறார். அதை நான் அய்யனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. வந்து என்னை என்ன வேண்டுமானாலும் பேசு, பதில் பேசமாட்டேன்.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அய்யன் இப்போது கூப்பிட்டார். தன் பேரால் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். கை நாலாவது முடிச்சில் இருந்தது. ‘அய்யன் தானாக் கெணத்தடிக்குப் போய்த்தான் தண்ணி வாத்துக்கறாருன்னு எழுது. இல்லீன்னா அவனுக்கு அங்க மனசு நிக்காது’ என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

எங்கே இருந்தாலும் உன் காலுக்கு ஒரு குறையும் வராமல், உன் காலாலேயே நடந்து வீடு வந்து சேர், சாமி.

உன் அண்ணன்
சென்னிமலை