ஹம்பேர்க்கில் நீ கத்திய சொல்

உன் கையுறைகள் என் சாப்பாட்டு மேசையில் கிடந்து நாறுகின்றன. உன் தங்கை தபாலில் அனுப்பியிருக்கிறாள். பெட்டியைத் திறந்ததும் பழைய ரப்பரும் வியர்வையும் ஈரப் புல்லும் கலந்த மணம் வந்தது. என் மனைவி யன்னலைத் திறந்துவிட்டு, "இதை ஏன் வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வருகிற சனிக்கிழமை டார்ம்ஸ்டாட்டில் உன் நினைவாக ஒரு போட்டி வைக்கிறார்கள். பழைய அணி முழுவதும் வருகிறது. கையுறைகளை நான் கொண்டுவர வேண்டுமாம். உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவும் வேண்டுமாம். அங்கே நல்லது மட்டும்தான் பேசலாம். ஆகவே மற்றதையெல்லாம் இங்கே உனக்கே எழுதிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து அணி தொடங்கியபோது நீ கோல் காப்பாளன். கப்டனும் நீயே. உன்னை யார் தெரிவு செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் உனக்கு நேர் முன்னால் நின்ற பின்காவலன். விடுதிக்குப் பின்னால் இருந்த சொந்த மைதானத்தில் வேறு எந்த மாணவர் அணியாலும் எங்களை அசைக்க முடியவில்லை. ரெயின் ஏறி இன்னொரு நகரத்துக்குப் போனால், அதே பதினொரு பேர்தான், கண்டவனிடமெல்லாம் தோற்றுவிட்டு வந்தோம்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். பயணக் களைப்பு என்றான் ஒருவன். பிளாஸ்டிக் புல் வழுக்குகிறது என்றான் இன்னொருவன். நடுவருக்கு எங்கள் நிறம் பிடிக்கவில்லை என்றான் மூன்றாமவன். அவன் சொன்னது சில நாட்களில் உண்மையும்கூட. உனக்கு மட்டும் சந்தேகமே இல்லை. திரும்பி வரும் ரெயினில் நடுவழியில் நின்றுகொண்டு பிரசங்கம் வைப்பாய். "உங்களுக்கு நெஞ்சிலை துணிவு காணாது. அதுதான் விசயம். வேறை ஒண்டும் இல்லை." பிறகு ஒவ்வொரு முறையும் ஒருவனைத் தேர்ந்தெடுத்து அவன் தலையில் தோல்வியைக் கட்டுவாய். எதிரே இருக்கும் ஜெர்மன்காரக் கிழவி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பாள். நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டோமே, அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மைதானத்தில் தமிழில்தான் கத்த வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். இந்த நாட்டில் கோல் காப்பாளன் பந்தைத் தான் எடுக்கப்போகிறான் என்றால் "லியோ!" என்று ஒரே சொல்லில் கத்துவான். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். நாங்களும் அப்படியே கத்துவோம் என்று நான் ஒருநாள் சொன்னேன். எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு நீ கேட்டாய்: "உனக்குத் தமிழ் காணாதோ? தமிழிலை கத்தினா அவங்களுக்கு விளங்காதடா, மொக்கு."

அவர்களுக்கு விளங்கவில்லை, உண்மைதான். எங்களுக்கும் விளங்கவில்லை என்பதுதான் நீ பார்க்கத் தவறியது.

பந்தை நான் அடித்து வெளியேற்ற வேண்டுமென்றால் "அடிச்சு விடு!" என்று கத்துவாய். நான் தொடாமல் உனக்கு விட வேண்டுமென்றால் "எனக்கு விடு!" என்று கத்துவாய். இரண்டும் நேரெதிர்க் கட்டளைகள், இரண்டுக்கும் வால் ஒன்று. சொந்த மைதானத்தில் பிரச்சினை இல்லை. பார்க்க வருவது எங்கள் மச்சான், மச்சாள், சித்தப்பாமார். அவர்கள் வாய் நிறைய ரோல்ஸ் இருக்கும். கோல் விழுந்தால் மட்டும் கை தட்டுவார்கள். உன் முதல் சொல் எனக்குத் தெளிவாகக் கேட்கும். வெளி மைதானத்தில் மேளம் அடிப்பார்கள், ஊதுவார்கள், தகரப் பலகையை உதைப்பார்கள். அந்த இரைச்சலில் முதல் சொல் கரைந்துவிடும். "விடு" மட்டும் வந்து சேரும்.

இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஸ்டுட்கார்ட்டில் நீ விடச் சொன்ன பந்தை அடிக்கப்போய் உன்னோடு மோதியிருக்க மாட்டேன். "விடு எண்டா விடு!" என்று நீ பல்லைக் கடித்தது நினைவிருக்கிறதா? அதனால்தான் அடுத்த மாதம் ஹம்பேர்க்கில் "விடு" என்று கேட்டதும் விட்டேன். அன்று சமநிலை போதும், இறுதிச் சுற்றுக்குப் போயிருப்போம். எதிரணிக்காரன் ஒருவன் பந்தை நோக்கி ஓடி வர, நீ இரண்டடி முன்னே வந்தாய். பிறகு நின்றாய். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருமுறை குத்தி எழும்பி, உன் தலைக்கு மேலால் கோலுக்குள் போனது.

நீ திரும்பிய வேகத்தில் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாய். "அடிச்சு விடு எண்டெல்லே கத்தினனான்! உனக்கென்ன, காது செவிடே?"

அத்தோடு நான் செவிடன். ரெயினில் செவிடன், விடுதியில் செவிடன், வட்ஸ்அப் குழுவில் செவிடன். அடுத்த போட்டியிலிருந்து என்னை நிறுத்திவிட்டாய், "வெளியிலை இவனை நம்பி நிக்க ஏலாது" என்று. அது போகட்டும். எனக்குக் கலியாணம் பேசியபோது பெண் வீட்டார் என் காதைப் பற்றி விசாரித்தது உனக்குத் தெரியுமா? எங்கோ ஒரு கொண்டாட்டத்தில் யாரோ என்னைச் செவிடன் என்று கூப்பிட்டது அவர்களின் காதுக்குப் போயிருக்கிறது. காது வைத்தியரிடம் நேரம் குறித்து, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி, கடதாசி வாங்கிக் கொடுத்துத்தான் நான் தாலி கட்டினேன். இன்று என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் மகளை உன் கூட்டாளிகள் "செவிடன்ரை மகள்" என்கிறார்கள்.

பதினைந்து வருடம் கழித்து ஒருவன் தன் பழைய கைத்தொலைபேசியில் அந்தப் போட்டியின் காணொளியைக் கண்டுபிடித்துக் குழுவில் போட்டான். நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. மேளம், ஊதல், பிறகு உன் குரலில் "...டு". அவ்வளவுதான். அதே தொலைபேசியில் எங்கள் சொந்த மைதானத்துப் போட்டி ஒன்றும் இருந்தது. அதில் உன் "எனக்கு விடு" மணிமணியாகக் கேட்கிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. காரணம் களைப்பும் இல்லை, புல்லும் இல்லை, துணிவும் இல்லை. வெளியூர்களில் நாங்கள் அரைச் சொல்லை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறோம்.

அந்தக் காணொளியோடுதான் உன்னைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தேன். பழம் கொண்டு வந்தது உன் தங்கைக்காக. உன்னிடம் வந்தது சண்டைக்கு. நீ பாதியாய்ப் போயிருந்தாய். அதைப் பார்த்தும் நான் தொலைபேசியை உன் முன்னால் நீட்டினேன். நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை.

"கேள். இதிலை ஆருக்காவது ஏதாவது கேக்குமோ?"

நீ முழுவதும் பார்க்கவில்லை. கையால் தள்ளிவிட்டாய். "எனக்கு விடு எண்டுதான் கத்தினனான்."

"என்ன?"

"எனக்கு விடு எண்டுதான். நீ சரியாத்தான் விட்டனீ. அவங்கடை ஆள் ஓடி வாறதைக் கண்டு நான் பயந்திட்டன், மச்சான். அந்தச் சத்தத்துக்கை கால் எழும்பேல்லை."

பதினைந்து வருடம், படுபாவி! நான் அடிக்க வேண்டிய பந்தா, விட வேண்டிய பந்தா என்று பதினைந்து வருடம் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அன்றைக்கே பதில் தெரியும். ரெயினில் நின்று துணிவைப் பற்றிப் பிரசங்கித்த வாய்க்கு "பயந்திட்டன்" என்ற ஒரு சொல் வர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "கப்டனே பயந்தவன் எண்டு தெரிஞ்சா ஆர் பிறகு என்ரை சொல் கேப்பாங்கள்?" என்றாய். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உன்னை அடிக்காமல் இருப்பதற்காக.

"ஞாயிற்றுக்கிழமை பெடியள் வருவாங்கள். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்," என்றாய். நான் நம்பினேன். வெள்ளிக்கிழமை காலையில் நீ போய்விட்டாய். ஒரு வேலையையும் முடித்துவிட்டுப் போகும் பழக்கம் உனக்கு இருந்ததில்லை.

நேற்று உன் தங்கை தொலைபேசி எடுத்தாள், கையுறை வந்துசேர்ந்ததா என்று கேட்க. பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணை, அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை எங்கட அண்ணா உங்களோடை என்ன கதைச்சவர்?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை ஒலிவாங்கியில் சொல்ல நினைத்திருந்ததை முதலில் இவளுக்குச் சொல்லிப் பார்ப்போம் என்று எண்ணினேன். "ஹம்பேர்க் மட்சைப் பற்றித்தான், தங்கச்சி. நான்தான் பிழை விட்டனான் எண்டு," என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். "கடைசியா எண்டாலும் அதை ஒத்துக்கொண்டியளே, அண்ணை. உங்களிலை அவருக்குச் சரியான பாசம். நீங்கள் கோவிச்சுக்கொண்டு போனதுதான் அவருக்குப் பெரிய கவலை. இனி எனக்கு நிம்மதி."

நான் எடுத்துச் சொன்னது உன் வாயில் வந்த "நான்". அவள் காதில் அது நானாகவே விழுந்திருக்கிறது. அவள் பதினைந்து வருடமாய் நம்பியது அதைத்தானே. "நானில்லை, உன்ரை அண்ணா" என்று ஒரு வரி சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஓம், தங்கச்சி," என்றேன்.

இதை உனக்காகச் செய்தேன் என்று அங்கே இருந்துகொண்டு மகிழ்ந்துவிடாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் நின்று, நீ பயமறியாத கப்டன் என்று பேசுவேன். கீழேயிருந்து யாராவது "செவிடன்" என்று கத்துவான், எல்லாரும் சிரிப்பார்கள், உன் தங்கையும் சிரிப்பாள். முதல் தடவை உன் பிழையை நீ என் தலையில் போட்டாய். இந்தத் தடவை நானே குனிந்து எடுத்திருக்கிறேன், அதற்கும் கோபம் உன் மேல்தான்.