சரோஜாவுக்குச் செஞ்ச கேக்

ஆடி மாசம், வெள்ளிக்கிழமை.

இன்னிக்கி வீட்டுல இருந்தது நான், மருமக கலா, என் சிநேகிதி சரோஜா. மூணே பேரு.

தன் மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியா ஆவணும்னு சரோஜா மாலை போட்டிருக்கா. ஒரு மாசமா கவுச்சி தொடல. நாளைக்கி பால்குடம் எடுத்துகினு மலை ஏறுறா. இன்னிக்கி அவளுக்கு அறுபது முடிஞ்சுது. முட்டையில்லாம தயிர் ஊத்தி குக்கர்ல கேக் செஞ்சேன். மூடியில ரப்பரைக் கழட்ட மறந்துட்டேன், களியா போச்சு. "நீங்க போய் உக்காருங்க அத்தே"ன்னு கலா வேற ஒண்ணு செஞ்சா. பஞ்சு மாதிரி வந்துச்சு.

வெட்டும்போதே எனக்கு முட்டை வாடை தெரிஞ்சிடுச்சு. சரோஜா துண்டைக் கையில வெச்சுகினு, "எனக்குன்னு யாரும் கேக் செஞ்சதில்லடி. முட்டை இல்லியே?"ன்னா. அந்த முகத்தப் பாத்து உண்மை வாயில வரல. "என்ன நம்பி சாப்புடு"ன்னேன். ரெண்டு துண்டு சாப்பிட்டா.

அவ போனப்புறம் கலாவக் கேட்டேன். "ரெண்டே முட்டைதான் அத்தே, அவங்களுக்குத் தெரியவா போவுது?"ன்னா.

விடிஞ்சா சரோஜா படியேறுவா. சொன்னா அவ மனசு உடஞ்சிடும். சொல்லாம விட்டு அந்தப் பையனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா.

என் கல்யாணத்துல பந்தியிலேர்ந்து எழுந்து போன பெரியம்மாவையே நான் இன்னும் மன்னிக்கல. கலாவக்கூட என்னிக்காவது மன்னிப்பேன். வாடை தெரிஞ்சும் சாப்புடச் சொன்ன கன்னியம்மாவ மாட்டேன். இந்த நோட்டுல எழுதிகினு இருக்கறவள.