ராசாத்தி ஸ்டாப்

பேத்தியின் கம்ப்யூட்டர் திரையில் இன்று நான்கு கறுப்புச் சதுரங்கள் திறந்திருந்தன. நான்கிலும் எழுத்துகள் தனித்தனியே ஓடின. "ஒவ்வொண்ணுலயும் ஒரு கட்டளை ஓடுது தாத்தா" என்றாள். எனக்குச் சட்டென்று, சாமி, உன் நினைவு.

எண்பதுகளின் கடைசி. மல்லசமுத்திரம் பக்கத்து நூல் மில்லில் நீ கம்ப்யூட்டர் ஆபரேட்டர், நான் ஜெனரேட்டர் ஆபரேட்டர். சேலம் ஜில்லாவிலேயே கம்ப்யூட்டருக்குக் கரண்டு ஊட்டி வளர்த்த முதல் ஆள் நான்தான். என் காலடிச் சத்தம் கேட்டாலே அந்த மிஷின் விளக்கை மினுக்கும். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்.

ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று மில்லெங்கும் பேச்சு அலைந்த வாரம் அது. அன்று வேலைக்கு வந்த ஆட்களின் பட்டியலையும் ஓடாத மிஷின்களின் பட்டியலையும் நீ கம்ப்யூட்டரிடம் ஒரே நேரத்தில் கேட்டிருந்தாய். இரண்டு பதிலும் ஒரே திரையில் வரி கலந்து விழுந்தன. உன் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ராசாத்தி, பக்கத்தில் ஸ்டாப். என் பெண்டாட்டியின் பெயர், அவளுடைய மில் அட்டையில் பார்த்துப் பழகிய இங்கிலீஷ் எழுத்து. அவளுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் ஸ்டாப்.

வேலையிலிருந்த பெண்களிடம் ஓடினேன். "அம்மணிகளா, உங்க அத்தன பேரையும் நிப்பாட்டீட்டாங்க!" நான் போட்ட சத்தம் திருச்செங்கோட்டு மலை உச்சிவரை கேட்டிருக்கும். பெண்கள் உன் அறைக்கதவை மொய்த்தார்கள்.

"ஏனுங்க, எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே!" என்று ராசாத்தி அழுதாள்.

"இருங்கக்கா, ரெண்டு சேதி கலந்து வந்துருச்சுங்க. பிரிச்சுக் காட்டறேன்" என்று நீ எதையோ தட்டினாய். திரை நடுவே கோடு விழுந்தது. "இப்ப ரெண்டு ஜன்னலுங்கண்ணா. இதுல ஆளுக, அதுல மிஷினுக."

அவள் பெயர் இந்தப் பக்கம், சுத்தமாக. ஸ்டாப் எல்லாம் அந்தப் பக்கம், மிஷின் நம்பர்களோடு.

ராசாத்தி மூக்கைச் சிந்தினாள். "மொதல்ல இந்த மனுசனத் தூக்கி அந்த ஜன்னல்ல போடுங்க சாமி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் பயம் போகவேயில்லை. அன்றிலிருந்து யார் என்ன சேதி கொண்டுவந்தாலும், "எது யாருக்கு, பிரிச்சுச் சொல்லுங்க" என்றுதான் கேட்கிறேன்.

போன மாதம் அம்மாபேட்டையிலிருந்து உன் தம்பி, நீ போய்விட்டதாகப் போனில் அழுதபோதும் கேட்டேன். "வேற யாரு சேதியும் இதுல கலக்கலியே, தம்பி?"

இல்லை என்றான்.

மறுபடியும் கேட்டேன்.